மருத்துவக் கருவி விற்பவர் யார்?

கடையை இன்று சற்று முன்னதாகவே மூடிவிட்டு வந்திருக்கும் சர்ஜிக்கல் கடை உரிமையாளர்களே, மருந்தாளுநர்களே, வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ள இன்னொருவரை அமர்த்திவிட்டு இங்கே வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே!

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, வீட்டு உபயோக மருத்துவக் கருவிகளை விற்பவர்களுக்கான பதிவு விதிகள். படிவம், கட்டணம், சான்றிதழ் என்று கேட்டவுடன், இது வணிகர்கள் விவகாரம், நமக்கென்ன என்று பொதுமக்களுக்குத் தோன்றும். அரசாங்கத்தின் இன்னொரு கெடுபிடி என்று வணிகர்களுக்குத் தோன்றும். இந்த இரண்டு எண்ணங்களையும் இந்த மாலையில் கொஞ்சமாவது அசைக்க முடிந்தால் நான் வந்த காரியம் முடிந்தது.

முதலில் ஒரு கேள்வி. உங்கள் வீட்டில் எத்தனை மருத்துவக் கருவிகள் இருக்கின்றன? மனத்துக்குள் எண்ணிப் பாருங்கள். பிரஷர் பார்க்கும் மெஷின். சர்க்கரை பார்க்கும் மெஷின். டிஜிட்டல் தெர்மாமீட்டர். சளி பிடிக்கும் குழந்தைக்கு நெபுலைசர். கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர். வயதானவர் இருக்கும் வீடென்றால் வாக்கர், கமோடு நாற்காலி, படுக்கைப்புண் வராமலிருக்க ஏர் பெட். நுரையீரல் நோயாளி இருந்தால் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர். தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறவர் இருந்தால் சிபேப். நம் பெற்றோர் காலத்தில் இவற்றில் பலவற்றை ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் பார்க்க முடியும். இன்று அவை கட்டிலோரத்தில் இருக்கின்றன.

ஆஸ்பத்திரியில் இருந்தபோது அந்தக் கருவியைச் சுற்றி எத்தனை பேர் இருந்தார்கள்? காட்டும் அளவைப் பார்த்துச் சந்தேகப்பட ஒரு நர்ஸ் இருந்தார். பழுது பார்க்க ஒரு டெக்னீஷியன் இருந்தார். முடிவெடுக்க டாக்டர் இருந்தார். வீட்டில் யார் இருக்கிறார்கள்? மகள் இருக்கிறாள். மருமகள் இருக்கிறாள். பாதி நேரம் நோயாளி மட்டும்தான் இருக்கிறார். அப்படியானால், அந்தக் கருவியைப் பற்றி விவரம் தெரிந்தவராக அந்தக் குடும்பத்துக்கு வாய்த்த ஒரே மனிதர் யார்? அதை விற்றவர்தான். அவருக்குப் பிறகு சரிபார்க்க யாரும் இல்லை. அவர் விட்டுவிட்ட தவறு நேராக நோயாளியின் படுக்கைக்குப் போய்ச் சேர்கிறது.

ஆகவேதான் கேட்கிறோம்: விற்பவர் யார்?

நம் நாட்டுச் சட்டம் நெடுங்காலம் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. 1940-ஆம் ஆண்டில் வந்த மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம் மாத்திரைக்கும் ஊசிமருந்துக்கும் காவல் போட்டது. கருவிகளில், அரசு தனியே அறிவித்த சில வகைகளுக்கு மட்டுமே அந்தக் காவல் இருந்தது. தலைவலி மாத்திரைக் கடைக்கு உரிமம் வேண்டும். மூச்சைத் தாங்கும் எந்திரம் விற்கும் கடைக்குக் கேள்வி இல்லை. பல பத்தாண்டுகள் இப்படித்தான் ஓடின.

2017 ஜனவரி 31 அன்று மருத்துவக் கருவிகள் விதிகள் அறிவிக்கப்பட்டன. 2018 ஜனவரி 1 முதல் அவை நடைமுறைக்கு வந்தன. நோயாளிக்கு நேரக்கூடிய ஆபத்தின் அளவை வைத்துக் கருவிகளை ஏ, பி, சி, டி என்று நான்கு வகுப்புகளாகப் பிரித்தது இந்த விதித்தொகுப்பு. ஏ வகுப்பில் ஆபத்து மிகக் குறைவு. இதய வால்வு போன்றவை டி வகுப்பு. பிறகு 2020 பிப்ரவரியில் வந்த அறிவிக்கை, அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவக் கருவிகளையும் சட்டத்தின் பார்வைக்குள் கொண்டுவந்தது. ஆனாலும் அந்த ஏற்பாடுகளின் கவனமெல்லாம் முக்கியமாக உற்பத்தியாளர் மீதும் இறக்குமதியாளர் மீதும்தான் இருந்தது. தெருமுனைக் கடைக்காரரின் முறை இன்னும் வரவில்லை.

அந்த இடைவெளியில்தான் 2021 வந்தது. அந்த ஏப்ரல், மே மாதங்களை இந்த அரங்கில் யாரும் மறந்திருக்க முடியாது. ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தோம். டெல்லியில் போலீசார் நடத்திய சோதனையில் 500-க்கும் மேற்பட்ட கான்சன்ட்ரேட்டர்கள் பிடிபட்டன. எங்கே பிடிபட்டன? பெயர் பெற்ற உணவகங்களிலும் ஒரு கிடங்கிலும். சாப்பாட்டுக் கடையில் ஆக்சிஜன் எந்திரம்! வாங்கியவர் பில்லைக் கேட்டிருப்பாரா? எந்திரம் எத்தனை சதவீத ஆக்சிஜன் தருகிறது என்று கேட்டிருப்பாரா? மூச்சுக்குத் தவிக்கும் தாயைப் படுக்கையில் விட்டுவிட்டு வந்த மகனால் அதெல்லாம் கேட்க முடியாது. அவனுக்காக முன்கூட்டியே கேட்டு வைப்பதற்குத்தான் விதி வேண்டும்.

அந்த விதி 2022 செப்டம்பர் 30 அன்று வந்தது. மருத்துவக் கருவிகளை விற்கவோ, இருப்பு வைக்கவோ, காட்சிக்கு வைக்கவோ, விநியோகிக்கவோ விரும்புகிறவர் மாநில உரிம அதிகாரியிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் அது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் பொறுப்பு. விண்ணப்பம் எம்.டி.-41 என்ற படிவத்தில். கிடைக்கும் சான்றிதழ் எம்.டி.-42. கட்டணம் 3,000 ரூபாய். ஒருமுறை பெற்ற பதிவு தொடர்ந்து செல்லும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை தக்கவைப்புக் கட்டணம் மட்டும் கட்ட வேண்டும். ஏற்கெனவே மருந்து விற்பனை உரிமம் வைத்திருக்கும் மருந்துக் கடைக்காரர் அந்த உரிமத்தின் கீழேயே கருவிகளை விற்கலாம். கருவிகளை மட்டும் விற்கும் சர்ஜிக்கல் கடைகளுக்குத்தான் இந்தச் சான்றிதழ் அவசியம். அதைக் கடையில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டி வைக்க வேண்டும்.

மூவாயிரம் ரூபாயும் ஒரு கண்ணாடிச் சட்டமும் ஆணியும் போதுமா? அவ்வளவுதானா? இல்லை ஐயா. சான்றிதழுக்குப் பின்னால் நிபந்தனைகள் இருக்கின்றன. அங்கேதான் விதியின் உயிர் இருக்கிறது.

கடையில் தகுதியுள்ள ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது விதி. அவர் பட்டதாரியாக இருக்கலாம். பதிவுபெற்ற மருந்தாளுநராக இருக்கலாம். இரண்டும் இல்லையென்றால், பன்னிரண்டாம் வகுப்பு தேறி, மருத்துவக் கருவி விற்பனையில் ஓராண்டு அனுபவம் உள்ளவராக இருக்கலாம். சின்னக் கடைக்காரரை விரட்டும் நோக்கம் இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். பெரிய படிப்பைக் கேட்கவில்லை. விஷயம் தெரிந்த ஓர் ஆளைக் கேட்கிறது.

அந்த ஆள் என்ன செய்வார்? பிரஷர் மெஷினையே எடுத்துக்கொள்வோம். பருமனான கை உள்ள ஒரு பெரியவர் வருகிறார். பெட்டியில் இருக்கும் சாதாரண அளவுக் கைப்பட்டையைச் சுற்றிக் காட்டி, இதோ வேலை செய்கிறது என்று கொடுத்து அனுப்பிவிடலாம். ஆனால் கைக்குச் சிறிதான பட்டை, இருப்பதைவிட அதிக அழுத்தத்தைக் காட்டும். அவர் வீட்டுக்குப் போய் 160 என்று பார்ப்பார். மறுநாளும் பார்ப்பார். பயம் வரும். தானாகவே மாத்திரையைக் கூட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. ஒருநாள் குளியலறையில் தலைசுற்றி விழுவார். இதைத் தடுக்க என்ன வேண்டும்? ஓர் இன்ச் டேப் வேண்டும். மேல்கையின் சுற்றளவை அளந்து, உங்களுக்குப் பெரிய பட்டை வேண்டும் ஐயா என்று சொல்லத் தெரிந்த ஒருவர் வேண்டும். அந்த ஒருவரைத்தான் விதி கேட்கிறது. பட்டதாரியின் சான்றிதழை ஜெராக்ஸ் எடுத்து விண்ணப்பத்தோடு இணைத்துவிட்டு, கல்லாவில் நேற்றுச் சேர்ந்த பையனை உட்கார வைத்தால், காகிதத்தில் விதி நிறைவேறியிருக்கும். பெரியவர் விழத்தான் விழுவார்.

அடுத்து இடம். போதிய இடவசதி வேண்டும். கருவியின் லேபிளில் எழுதியுள்ள வெப்பநிலையிலும் ஈரப்பதத்திலும் அதை வைக்க வேண்டும். சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்பை நினைத்துப் பாருங்கள். அதன் நுனியில் இருப்பது நொதி. ரத்தத்திலுள்ள குளுக்கோசோடு அது வினைபுரிவதால்தான் மெஷின் ஓர் எண்ணைக் காட்டுகிறது. வெயிலும் ஈரமும் அந்த நொதியைக் கெடுக்கும். 30 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள் என்று பல டப்பாக்களில் அச்சிட்டே இருக்கிறது. நம் ஊர் மே மாதத்தில் வேலூரிலும் திருச்சியிலும் 40 டிகிரி சாதாரணம். தகரக் கூரைக் கிடங்கில், கடை முகப்புக் கண்ணாடிக்குப் பின்னால், அட்டைப் பெட்டி நாள் முழுக்க வெயிலில் காய்ந்தால் உள்ளே இருப்பது என்ன ஆகும்? காலாவதித் தேதி இன்னும் ஓராண்டு இருக்கும். டப்பா புத்தம் புதிதாக இருக்கும். எண் மட்டும் தவறாக வரும். அந்தத் தவறான எண்ணைப் பார்த்துத்தான் ஒரு தாய் தன் பிள்ளைக்கு இன்சுலின் அளவை ஏற்றுவாள், இறக்குவாள். இந்த ஒரு காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டு அந்த நிபந்தனையைப் படித்தால், அது கெடுபிடியாகத் தெரியுமா?

இனி நான் மிக முக்கியமாகக் கருதும் நிபந்தனைக்கு வருகிறேன். அது பதிவேடு.

உரிமம் பெற்ற உற்பத்தியாளர், இறக்குமதியாளர் அல்லது பதிவுபெற்ற வணிகரிடமிருந்துதான் சரக்கு வாங்க வேண்டும். வாங்கியது, விற்றது இரண்டுக்கும் பதிவு இருக்க வேண்டும். கருவியின் பெயர், எண்ணிக்கை, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர், பேட்ச் எண், காலாவதித் தேதி. நோட்டில் எழுதலாம், கணினியிலும் வைக்கலாம். ஆய்வாளர் கேட்டால் காட்ட வேண்டும். எத்தனையோ கடைகளில் இது கணக்குப் பிள்ளையின் வேலை, ஜிஎஸ்டிக்கான வேலை என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல நண்பர்களே. ஒரு கருவியில் பழுது என்று தெரிய வரும் நாளில், அது யார் வீட்டில் இருக்கிறது என்று சொல்ல இந்தப் பதிவேட்டை விட்டால் வேறு சாட்சியே இல்லை.

2021 ஜூன் மாதம் பிலிப்ஸ் நிறுவனம் தன் சிபேப், பைபேப், வென்டிலேட்டர் ஆகிய மூச்சுக் கருவிகளில் பலவற்றைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்திருந்த பாலியூரித்தேன் நுரைப் பஞ்சு காலப்போக்கில் சிதைந்து, அதன் துகளும் அதிலிருந்து எழும் வாயுவும் நோயாளியின் மூச்சுக்குள் போகக்கூடும் என்பது காரணம். உலகம் முழுவதும் லட்சக்கணக்கான கருவிகள். ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் இரவெல்லாம் முகத்தில் மாட்டிக்கொண்டு தூங்கும் கருவி. செய்தி யாருக்குப் போய்ச் சேர வேண்டும்? அந்த ஒருவருக்கு. அவர் பெயர் யாரிடம் இருக்கும்? தயாரித்த கம்பெனிக்கு அவரைத் தெரியாது. இறக்குமதியாளருக்குத் தெரியாது. விற்ற கடைக்காரரின் நோட்டில் சீரியல் எண்ணும் பெயரும் தொலைபேசி எண்ணும் இருந்தால், ஒரே போன் அழைப்பு போதும். ஐயா, உங்கள் மெஷினைப் பற்றி ஒரு அறிவிப்பு வந்திருக்கிறது, டாக்டரைக் கேளுங்கள் என்று சொல்லிவிடலாம். நோட்டு இல்லையென்றால் அவர் அன்று இரவும் அதை மாட்டிக்கொண்டு தூங்குவார்.

பதிவேடு இல்லாத ஊரில் என்ன நடக்கும் என்பதை நாம் கண்டிருக்கிறோம். ஆஸ்பத்திரியில் பொருத்தும் கருவிதான் அது, ஆனாலும் சொல்கிறேன். ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தின் ஏ.எஸ்.ஆர். இடுப்பு மூட்டு 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. உலோகத்தோடு உலோகம் உராய்ந்து ரத்தத்தில் கோபால்ட்டும் குரோமியமும் கலந்தன. இந்தியாவில் சுமார் 4,700 அறுவைச் சிகிச்சைகளில் இது பொருத்தப்பட்டிருந்தது. பிறகு மத்திய அரசின் நிபுணர் குழு கணக்கெடுத்தபோது, அந்த நோயாளிகளில் சுமார் 3,600 பேரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. உடம்புக்குள் பழுதான மூட்டோடு, அது பழுதானது என்றே தெரியாமல், எந்த ஊரில் எந்தத் தெருவில் நடக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு பெயரும் ஒரு முகவரியும் ஒழுங்காக எழுதப்படாததற்கு இதுதான் விலை.

ஆகவே விதி கேட்பதற்கு மேலும் ஒரு படி போங்கள் என்று கடைக்காரர்களை வேண்டுகிறேன். மூச்சுக் கருவி எதை விற்றாலும் வாங்குபவரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் சீரியல் எண்ணோடு சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். வாங்குபவர்களையும் வேண்டுகிறேன்: பில் வேண்டாம், விலையைக் குறையுங்கள் என்று கேட்காதீர்கள். பில்லை விட்டுக்கொடுக்கும்போது உங்களைத் தேடி வரும் வழியை நீங்களே அடைக்கிறீர்கள்.

விலை என்றதும் இன்னொன்று. 2021-இல் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் கணக்குப் பார்த்தபோது, கான்சன்ட்ரேட்டரில் விநியோகஸ்தர் மட்டத்திலேயே 198 சதவீதம் வரை லாபம் வைக்கப்பட்டிருந்தது. ஆக்சிமீட்டர், குளுக்கோமீட்டர், பிரஷர் மெஷின், நெபுலைசர், டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஆகிய ஐந்தில் இடைநிலை லாபம் 709 சதவீதம் வரை போயிருந்தது. பிறகு 70 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று வரம்பு கட்டினார்கள். நேர்மையான கடைக்காரருக்கு இந்த எண்கள் என்னைவிட அதிகமாக வலிக்கும். பதிவு பெற்றவர்கள் யார், பெறாதவர்கள் யார் என்ற கோடு தெளிவாக விழுந்தால்தான் அவருடைய பெயர் தப்பும்.

ஆய்வாளர் தொல்லை செய்வாரே என்ற அச்சம் கடைக்காரர்களான உங்களுக்கு இருக்கிறது. எம்.டி.-43 என்ற ஆய்வுப் புத்தகத்தைக் கடையில் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். வந்த அதிகாரி கண்டதை அதில் எழுத வேண்டும். அந்தப் புத்தகம் உங்களுக்கும் பாதுகாப்பு. வாயால் சொன்ன மிரட்டலுக்குச் சாட்சி கிடையாது, எழுதியதற்கு உண்டு. எழுதச் சொல்லுங்கள்.

ஆய்வே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஓர் உதாரணம். அங்கே முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டில் வீட்டுக் கருவிகளுக்கும் பணம் கிடைக்கும். பதிவு பெற்ற விற்பனையாளர் சீட்டு அனுப்பினால் அரசு கொடுக்கும். 2006-இல் தெற்கு புளோரிடாவின் மூன்று மாவட்டங்களில் 1,581 விற்பனையாளர்களின் கடைகளுக்கு அதிகாரிகள் முன்னறிவிப்பின்றி நேரில் போனார்கள். 491 இடங்களில், அதாவது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கில், கடையே இல்லை. அல்லது வேலை நேரத்தில் ஆளே இல்லை. காகிதத்தில் எல்லாம் இருந்தது. நேரில் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு, 2009-இல், அங்கே தரச்சான்று கட்டாயமாயிற்று. 50,000 டாலர் பிணைப் பத்திரமும் கேட்டார்கள். முறைகேட்டின் பாரம் கடைசியில் ஒழுங்காகக் கடை நடத்தியவர்கள் தலையிலும் விழுந்தது. நம் ஊரில் விதி இன்னும் எளிதாக இருக்கிறது. இது எளிதாகவே நீடிக்க வேண்டுமானால், அதை மெய்யாகவே கடைப்பிடிக்க வேண்டியது வணிகர்கள்தான். நேரில் போய்ப் பார்க்க வேண்டியது துறை.

அதே புளோரிடாவின் சட்டத்தில் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று வாடகை.

நம் நகரங்களில் ஆஸ்பத்திரிக் கட்டில், கான்சன்ட்ரேட்டர், பைபேப் எல்லாம் பெரும்பாலும் மாத வாடகைக்குத்தான் போகின்றன. ஒரு வீட்டில் நோயாளி தேறுகிறார் அல்லது இறந்துபோகிறார். எந்திரம் அடுத்த வீட்டுக்குப் போகிறது. நம் விதி விற்பனை, இருப்பு, காட்சி, விநியோகம் என்று அடுக்குகிறதே தவிர, வாடகைக் கருவிக்கென்று தனி நிபந்தனை எதையும் சொல்லவில்லை. புளோரிடா சட்டமோ விற்பவரையும் வாடகைக்கு விடுபவரையும் ஒரே மூச்சில் சொல்கிறது. இருவருக்கும் உரிமம் வேண்டும். இது ஏன் பெரிய விஷயம்? கான்சன்ட்ரேட்டருக்குள் சியோலைட் என்ற கனிமம் இருக்கிறது. அறைக் காற்றிலுள்ள நைட்ரஜனை அது பிடித்து வைத்துக்கொண்டு ஆக்சிஜனை விடுகிறது. நல்ல நிலையில் உள்ள எந்திரம் 90 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் தரும். சியோலைட்டில் ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவு இறங்கும். ஆனால் எந்திரம் ஓடும், சத்தம் வரும், மூக்குக் குழாயில் காற்றும் வரும். அறைக் காற்றில் இருப்பதே 21 சதவீதம்தான். எத்தனை வீடு மாறி வந்த எந்திரம், எத்தனை ஆயிரம் மணி நேரம் ஓடியது, கடைசியாக எப்போது ஆக்சிஜன் அளவு சோதிக்கப்பட்டது, வடிகட்டியும் குழாயும் மாற்றப்பட்டனவா? வாடகைக்கு எடுக்கும் குடும்பம் இவற்றைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. ஒவ்வொரு வாடகைக் கருவிக்கும் ஓர் அட்டை வேண்டும். அது எந்திரத்தோடேயே வீட்டுக்குப் போக வேண்டும். இதை விதியில் சேர்க்க வேண்டும் என்று இந்த மேடையிலிருந்து துறையைக் கேட்டுக்கொள்கிறேன். விதி வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

வாடகைக்கு எடுத்ததோ வாங்கியதோ, வீட்டுக் கருவியால் யாருக்காவது தீங்கு நேர்ந்தால், நேரப் பார்த்தால்கூட, அதைச் சொல்ல இடம் இருக்கிறது. காசியாபாத்திலுள்ள இந்திய மருந்தியல் ஆணையம் 2015 ஜூலை முதல் கருவிகளுக்கான கண்காணிப்புத் திட்டத்தை நடத்துகிறது. கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024. இந்த எண்ணைச் சான்றிதழுக்குப் பக்கத்திலேயே எழுதி ஒட்டுங்கள்.

புளோரிடாவிலிருந்து கற்க வேண்டிய இரண்டாவது விஷயம் புயல். நம்மைப் போலவே புயல் அடிக்கும் கரை அது. அங்கே வீட்டுக் கருவி விற்பனையாளர் பேரிடர்த் திட்டம் ஒன்றை எழுதி வைத்திருக்க வேண்டும். தன் வாடிக்கையாளர்களில் யாருக்கு முதலில் உதவி போக வேண்டும் என்ற முன்னுரிமைப் பட்டியலும் அவரிடம் இருக்க வேண்டும். நமக்கு 2015 டிசம்பர் வெள்ளம் தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகள் நாள்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தன. கான்சன்ட்ரேட்டர் மின்சாரத்தில் ஓடுவது. கரண்ட் போனால் அந்த வீட்டில் மூச்சு எத்தனை மணி நேரம் தாங்கும்? அந்த வீடுகள் எவை என்று ஊரில் யாருக்காவது தெரியுமா?

கடைக்காரர்களே, உங்களுக்குத் தெரியும். உங்கள் விற்பனை நோட்டில் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன், மின்சாரத்தை நம்பி மூச்சுவிடும் உங்கள் வாடிக்கையாளர்களின் பட்டியல் ஒன்றை எடுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து, மாற்று சிலிண்டர் இருக்கிறதா, இன்வெர்ட்டர் எந்திரத்தின் பளுவைத் தாங்குமா, அவசரத்துக்கு அழைக்க ஆள் உண்டா என்று கேளுங்கள். குடும்பத்தாரின் சம்மதத்தோடு, தெரு வாரியாக, அந்தப் பட்டியலை உங்கள் பகுதி மின்வாரிய அலுவலகத்திலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கொடுங்கள். இங்கே வந்திருக்கும் கடைக்காரர்கள் போகும்போது வாசலில் உள்ள நோட்டில் தங்கள் கடைப் பெயரை எழுதிவிட்டுப் போனால், பட்டியலை எப்படித் தயாரிப்பது என்று அடுத்த வாரம் ஒன்றாக உட்கார்ந்து பேசலாம்.